பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல், 2009: பழி யார் தலையில் விழுந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2009 மே மாதம் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் பதவி இழந்தார்கள், இன்னும் பலர் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். இவர்களில் யார் குற்றவாளி, யார் பலிகடா என்ற கேள்வி இன்றும் வருகிறது. ஒருவரைப் பலிகடா ஆக்கினார்கள் என்று சொன்னால் அவர் தவறே செய்யவில்லை என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட விருந்தின் முழுக் கணக்கையும் அவர் ஒருவர் தலையில் கட்டினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

சுருக்கமாக, என்னதான் நடந்தது?

2009 மே 8 அன்று டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் எம்.பி.க்கள் கோரிய செலவுத் தொகைகளை வெளியிடத் தொடங்கியது. முதல் நாள் ஆளும் தொழிற்கட்சியின் அமைச்சர்கள், சில நாட்களில் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ்கள், பிறகு மற்றவர்கள். வாரக்கணக்கில் தினமும் புதிய பெயர்கள் வந்தன. பொருளாதார நெருக்கடியில் வேலையும் வீடும் இழந்து நின்ற மக்கள், தங்கள் பிரதிநிதிகள் திரைச்சீலைக்கும் தோட்ட வேலைக்கும் அரசுப் பணம் வாங்கியதைப் படித்தார்கள். உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித்தின் கணக்கில் 88 பென்சுக்குக் குளியல் தொட்டி அடைப்பான் ஒன்று இருந்தது. தொகை சிறியதாக இருந்ததால்தான் அது அத்தனை பேருக்கும் நினைவில் நின்றது.

அந்தப் பணத்தை எந்தக் கணக்கில் வாங்கினார்கள்?

பெரும்பகுதி 'இரண்டாம் வீட்டுப் படி'யில். லண்டனுக்கு வெளியே தொகுதி வைத்திருக்கும் எம்.பி.க்கு இரண்டு இடங்களில் குடியிருப்பு தேவை. அதில் ஒன்றுக்கான வாடகை, வீட்டுக்கடன் வட்டி, பராமரிப்பு, அறைகலன் ஆகியவற்றை அரசு ஏற்றது. 2008-09 நிதியாண்டில் உச்சவரம்பு 24,006 பவுண்டு. எம்.பி.யின் ஆண்டுச் சம்பளமே 2009 ஏப்ரலில் 64,766 பவுண்டுதான். உணவுக்கு மாதம் 400 பவுண்டு வரை ரசீது இல்லாமலே கேட்கலாம். 2008 வரை 250 பவுண்டுக்குக் கீழே உள்ள எந்தச் செலவுக்கும் ரசீது வேண்டியதில்லை.

அறைகலன்களுக்கு நாடாளுமன்றக் கணக்கு அலுவலகம் ஒரு விலைப்பட்டியல் வைத்திருந்தது. ஜான் லூயிஸ் என்ற பெரிய கடையின் விலைகளை ஒட்டித் தயாரித்தது. புதிய சமையலறைக்கு 10,000 பவுண்டு, குளியலறைக்கு 6,335, தொலைக்காட்சிக்கு 750 என்று அதில் இருந்தது. இந்தப் பட்டியலை எம்.பி.க்களிடமிருந்தே மறைத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. தெரிந்தால் எல்லோரும் உச்சவிலையையே கேட்பார்கள் என்று அதிகாரிகள் பயந்தார்கள். தங்கள் வாடிக்கையாளர்களை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இவ்வளவு தாராளமான ஏற்பாட்டை யார் செய்தது?

இதற்கு விடை தெரியாமல் பலிகடா விவாதத்துக்குள் நுழையக் கூடாது. எம்.பி.க்களின் சம்பளத்தை உயர்த்த எந்த அரசுக்கும் துணிச்சல் இருந்ததில்லை. மறுநாள் பத்திரிகைகள் கிழித்துவிடும். 1980களில் மார்கரெட் தாட்சர் அரசு, பரிந்துரைத்த பெரிய சம்பள உயர்வைக் கொடுக்காமல் படிகளைத் தளர்த்தியது. 'சம்பளமாகக் கேட்காதே, படியாக எடுத்துக்கொள்' என்பது எழுதாத ஒப்பந்தம். கொறடாக்கள் புதிய உறுப்பினர்களுக்கு அப்படித்தான் வழிகாட்டினார்கள். 2001 ஜூலையில் உறுப்பினர்களே வாக்களித்து இந்தப் படியை ஒரே நாளில் 13,628 பவுண்டிலிருந்து 19,469 ஆக்கிக்கொண்டார்கள்; ஏறக்குறைய 43 விழுக்காடு உயர்வு.

மறைமுகச் சம்பளமாகவே இதை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திவிட்டு, 2009இல் திடீரென்று ரசீதுகளை ஒவ்வொன்றாக ஒழுக்கக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். கட்டிடத்தைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் அப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கணக்குகள் வெளியே வந்தது எப்படி?

ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளரும் வேறு இரண்டு செய்தியாளர்களும் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பல ஆண்டுகள் போராடினார்கள். கீழவையான காமன்ஸ் சபையின் நிர்வாகம் விடவில்லை. 2007இல் நாடாளுமன்றத்தையே அந்தச் சட்டத்திலிருந்து விலக்கும் மசோதா ஒன்று காமன்ஸ் சபையில் நிறைவேறியது. மேலவையான பிரபுக்கள் சபையில் அதை முன்மொழிய ஆள் கிடைக்காததால் செத்தது. 2008 மே மாதம் உயர் நீதிமன்றம் வெளியிடச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2009 ஜனவரியில் அரசு விலக்குப் பெற முயன்று, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. வெளியிடுவதற்காக ஆவணங்களில் கறுப்பு மை பூசும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே மை பூசாத முழுப் பிரதி ஒன்று வெளியே போனது. டெலிகிராஃப் அதைக் காசு கொடுத்து வாங்கியது. ஜூன் 18 அன்று நாடாளுமன்றம் அதிகாரபூர்வமாக வெளியிட்ட பிரதியில் முகவரிகள் எல்லாம் கறுப்பாக இருந்தன. அதை மட்டுமே மக்கள் பார்த்திருந்தால் 'இரண்டாம் வீடு' எது என்று மாற்றி மாற்றிக் காட்டிய மோசடிகள் எதுவும் தெரிந்திருக்காது.

வாத்து வீட்டுக்கு மக்கள் பணம் போனது உண்மையா?

போகவில்லை. இந்த ஊழலின் சின்னமாகவே ஆகிவிட்ட அந்த மிதக்கும் வாத்து வீட்டுக்கு ஒரு பென்ஸ்கூட அரசு கொடுக்கவில்லை. கோஸ்போர்ட் தொகுதியின் கன்சர்வேடிவ் எம்.பி. சர் பீட்டர் விக்கர்ஸ் தன் குளத்துக்காக 1,645 பவுண்டுக்கு வாங்கிய, ஸ்வீடன் பாணிக் கட்டிட வடிவம் கொண்ட குட்டி வீடு அது. அவர் சமர்ப்பித்த பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே அனுமதிக்க முடியாது என்று அலுவலகத்தில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். பிற தோட்டச் செலவுகளுக்கு அவர் பெருந்தொகை வாங்கியது உண்மை. அதற்கு அவரைக் கேள்வி கேட்டது நியாயம். ஆனால் அவரைப் பதவியிலிருந்து விரட்டியது அந்த வாத்து வீடுதான். வாத்துகளுக்கும் அது பிடிக்கவே இல்லை என்று பிறகு அவரே சொன்னார்.

இதோடு இன்னொரு கணக்கை வைத்துப் பாருங்கள். கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன் தன் வீட்டில் படர்ந்த விஸ்டீரியா கொடியை அகற்றியது உள்ளிட்ட பராமரிப்புக்கு 680 பவுண்டு பெற்றிருந்தார். அந்தப் பணம் உண்மையிலேயே கொடுக்கப்பட்டது. அவர் திருப்பிக் கட்டினார், மறு ஆண்டு பிரதமரானார். கொடுக்கப்படாத பணத்துக்காக விக்கர்ஸ் அரசியலை விட்டுப் போனார்.

அகழி தூர்வாரிய கதை?

இது கொஞ்சம் சிக்கலானது. முன்னாள் அமைச்சர் டக்ளஸ் ஹாக்கின் லிங்கன்ஷயர் மாளிகையைச் சுற்றி அகழி உண்டு. அதைத் தூர்வாரிய 2,115 பவுண்டு அவர் ஆவணங்களில் இருந்தது. வீட்டின் மொத்தச் செலவு உச்சவரம்பைவிட அதிகம் என்று காட்ட ஒரு பட்டியல் கொடுத்து, மாதா மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு பெறுவதாக அலுவலகத்தோடு அவர் ஒப்புக்கொண்டிருந்தார். எனவே அகழிக்கென்று தனியாகக் கேட்கவில்லை என்பது அவர் வாதம். நுணுக்கமாகப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அகழி வைத்திருப்பவர் நுணுக்கம் பேசினால் யார் கேட்பார்கள்? 2010 தேர்தலில் அவர் நிற்கவில்லை.

சபாநாயகர் மைக்கேல் மார்ட்டினைப் பலிகடா ஆக்கினார்களா?

பெருமளவுக்கு ஆம். ஆனால் அவர் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் நின்றார்.

மார்ட்டின் கிளாஸ்கோவில் ஏழ்மையில் பிறந்து தகரத் தொழிலாளியாக வேலை செய்து, 1979இல் எம்.பி.யாகி, 2000இல் சபாநாயகரானவர். அவர் பேச்சையும் பிறப்பையும் கேலி செய்து பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர், அவர் வளராத வேறொரு பேட்டையின் பெயரில் இருந்தது. செலவு விவரங்களை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் வரை போன நிர்வாகத்துக்கு அவர்தான் தலைவர். 2009 மே 11 அன்று, கசிவை விசாரிக்கப் போலீஸை அழைத்ததைக் கேள்வி கேட்ட உறுப்பினர்களை அவையிலேயே கடிந்துகொண்டார். வெளியே ஊர் எரியும்போது புகையைப் பற்றிப் புகார் சொன்னவர்களைத் திட்டியது அவருடைய மிகப் பெரிய பிழை.

மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2008இல் மார்ட்டின் தலைமையிலான குழுதான் அறைகலன் சலுகையை நிறுத்தவும் வெளித் தணிக்கையைக் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. ஜூலை 3 அன்று வாக்கெடுப்பு. 172க்கு 144 என்று சீர்திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களில் அமைச்சர்களும் உண்டு. பத்து மாதம் கழித்து அதே அவை, சீர்திருத்தத்துக்குத் தடையாக இருந்தவர் சபாநாயகர்தான் என்று அவரை வெளியேறச் சொன்னது.

மே 19 அன்று அரை நிமிட அறிக்கையில் விலகலை அறிவித்தார். 1695இல் லஞ்சம் வாங்கியதற்காக சர் ஜான் டிரெவர் வெளியேற்றப்பட்ட பிறகு, பதவியிலிருந்து தள்ளப்பட்ட முதல் சபாநாயகர். அவருக்குப் பின் வந்த ஜான் பெர்கோ, வீட்டு விற்பனை தொடர்பாக 6,508 பவுண்டு வரியைத் தானாகத் திருப்பிக் கட்டியவர்களில் ஒருவர்.

அந்த நாட்களில் லண்டன் தமிழர்கள் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றார்களே?

ஆம். இலங்கைப் போரை நிறுத்தக் கோரி ஏப்ரல் 6 முதல் ஜூன் நடுப்பகுதி வரை நாடாளுமன்றச் சதுக்கத்தில் போராட்டம் நடந்தது. முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களும் இந்த ஊழலின் உச்ச நாட்களும் ஒரே வாரங்களில் வந்தன. இரண்டுக்கும் காரணத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் மே 18, 19 தேதிகளில் போர் முடிந்த அறிவிப்பும் சபாநாயகரின் விலகலும் வந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டரின் கவனம் எதில் இருந்தது என்று அங்கே நின்றவர்களைக் கேட்டால் கசப்போடு சொல்வார்கள்.

'பலிகடா' என்றதும் இயன் கிப்சன் பெயரை ஏன் முதலில் சொல்கிறார்கள்?

ஏனென்றால் அவர் வழக்கில் அளவுகோல் எப்படி மாறியது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது.

கிப்சன் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் புலத் தலைவராக இருந்த விஞ்ஞானி. 1997 முதல் நார்விச் வடக்குத் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி.; நாடாளுமன்ற அறிவியல் குழுவின் தலைவராகவும் இருந்தவர். ஈராக் போரை எதிர்த்தார். பல்கலைக்கழகக் கட்டண உயர்வுக்கு எதிரான கலகத்தில் முன்னணியில் நின்றார். கட்சித் தலைமைக்கு நெருஞ்சி முள். தொகுதி மக்களுக்குப் பிடித்த மனிதர்.

அவர்மீது வந்த புகார்: படி வாங்கிய லண்டன் அடுக்ககத்தில் மகள் வாடகை இல்லாமல் வசித்தாள், பிறகு அதையே சந்தை விலையைவிட மிகக் குறைவாக மகளுக்கு விற்றார். லண்டனில் இருக்கும் இரவுகளில் தானும் அங்கேதான் தங்கியதாக அவர் சொன்னார். சரியான செயல் என்று நான் வாதாட மாட்டேன். அரசுப் பணத்தில் வட்டி கட்டிய வீடு மகளுக்கு மலிவாகப் போனது அழகான காரியம் இல்லை.

ஆனால் தொழிற்கட்சி என்ன செய்தது? தேசிய நிர்வாகக் குழுவின் சிறு குழு ஒன்று, மூடிய கதவுக்குப் பின்னே கூடி, சில பின்வரிசை எம்.பி.க்களை மட்டும் விசாரித்தது. ஜூன் 2 அன்று கிப்சன் அடுத்த தேர்தலில் கட்சி சார்பில் நிற்கக் கூடாது என்று தீர்த்தது. அதே நாளில் அதே தண்டனை பெற்ற டேவிட் சேட்டர், எலியட் மோர்லி இருவரும் பின்னர் சிறைக்குப் போனார்கள். மார்கரெட் மோரன்மீதும் வழக்கு வந்தது. கிப்சன்மீது எந்தக் குற்ற வழக்கும் வரவில்லை. இந்த வரிசையில் அவரை நிறுத்தியதே அநியாயம்.

அமைச்சர்கள் எவரும் அந்தக் குழுவின் முன் நிற்கவில்லை. நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நான்கு ஆண்டுகளில் நான்கு முறை 'இரண்டாம் வீட்டை' மாற்றினார் என்று டெலிகிராஃப் எழுதியது. அவர் எல்லாம் விதிப்படியே என்றார், ஒரு சிறு தொகைக்கு மன்னிப்புக் கேட்டார், பதவியில் தொடர்ந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கிப்சன் தேர்தல்வரை காத்திருக்கவில்லை. எம்.பி. பதவியையே விட்டெறிந்தார். ஜூலை 23 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியை 27 வயது கன்சர்வேடிவ் வேட்பாளர் குளோயி ஸ்மித் 7,348 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அமைச்சர்கள் எல்லோரும் தப்பித்தார்களா?

இல்லை. ஹேசல் பிளியர்ஸ் ஒரு விதிவிலக்கு. ஒரு வீட்டை விற்றபோது மூலதன ஆதாய வரி கட்டவில்லை. சட்டப்படி கட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. மே 12 அன்று 13,332 பவுண்டு காசோலையைத் தொலைக்காட்சி கேமராவுக்கு முன் ஆட்டிக் காட்டினார். பிரதமர் கோர்டன் பிரவுன் அவரது நடத்தையை வெளிப்படையாகக் கண்டித்தார். ஜூன் 3 அன்று அவர் அமைச்சரவையை விட்டு விலகினார். ஏற்கெனவே பிரவுனைக் கேலி செய்து கட்டுரை எழுதியிருந்தவர் அவர் என்பதை மறக்க வேண்டாம். தலைமைக்கு வேண்டியவர்களின் கணக்கு மென்மையாகவும் வேண்டாதவர்களின் கணக்கு கறாராகவும் பார்க்கப்பட்டது என்று கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழ இதெல்லாம் போதுமானதாக இருந்தது.

சிறைக்குப் போனவர்களும் பலிகடாக்களா?

இல்லை. இங்கே இரக்கத்தைக் கலக்கக் கூடாது. சேட்டர் போலி வாடகை ஒப்பந்தங்களைத் தயாரித்தார், 18 மாதம். மோர்லி, கட்டி முடித்த வீட்டுக்கடனுக்கும் வட்டி வாங்கினார், 16 மாதம். ஜிம் டிவைன் போலி ரசீதுகளில் 8,385 பவுண்டு எடுத்தார்; 16 மாதம். எரிக் இல்ஸ்லிக்கு 12 மாதம். விசாரணைக்கு நிற்கும் மனநிலையில் இல்லாத மோரனுக்குச் சிறை இல்லை, மருத்துவக் கண்காணிப்பு. சிலர் 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தைக் காட்டி, நாடாளுமன்றச் சலுகை தங்களைக் காக்கும் என்று வாதாடினார்கள். 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அதை நிராகரித்தார்கள். பொய் ரசீது எழுதுவது அவை நடவடிக்கை ஆகாது.

பிரபுக்கள் சபையில் ஆசியர்களை மட்டும் தண்டித்தார்கள் என்பது சரியா?

அந்தக் கேள்வி அவைக்குள்ளேயே எழுந்தது. 2010 அக்டோபரில் மூவரை இடைநீக்கம் செய்தார்கள்: உதின் சீமாட்டி, பால் பிரபு, பாட்டியா பிரபு. மூவருக்கும் தெற்காசிய வேர். உதின் திருப்பிக் கட்ட வேண்டியது 1,25,349 பவுண்டு, பால் 41,982, பாட்டியா 27,446. லண்டனுக்கு வெளியே முதன்மை வீடு இருப்பதாகச் சொல்லிப் படி வாங்கினார்கள் என்பது புகார். பால் அப்படிக் காட்டிய ஆக்ஸ்ஃபர்டுஷயர் வீட்டில் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை.

தொகைகளைப் பார்த்தால் தண்டனை கடுமை என்று சொல்ல முடியாது. ஆனால் முதன்மை வீடு என்றால் என்ன என்று அப்போது அவையின் விதிகளில் தெளிவே இல்லை. மாதம் ஒருமுறை போனால் போதும் என்று தலைமைச் செயலர் பிறகு கொடுத்த விளக்கம்தான் உதின்மீது குற்ற வழக்குப் போடவிடாமல் தடுத்தது. அதே விளக்கம் புகாருக்கு உள்ளான வேறு பிரபுக்களையும் கரையேற்றியது. வெள்ளையரான ஹானிங்ஃபீல்டு பிரபு 9 மாதச் சிறை பெற்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனவே இனப் பாகுபாடு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சந்தேகம் எழுந்தது இயல்பு என்று சொல்வேன்.

பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்ன லெக் விசாரணை நியாயமானதா?

ஓய்வுபெற்ற அதிகாரி சர் தாமஸ் லெக் ஐந்தாண்டுக் கணக்குகளைத் தோண்டினார். துப்புரவுக்கு ஆண்டுக்கு 2,000, தோட்டத்துக்கு 1,000 பவுண்டு என்று அவரே ஒரு வரம்பு வைத்து, அதைப் பழைய ஆண்டுகளுக்கும் பொருத்தினார். செலவு செய்த காலத்தில் அந்த வரம்பு இல்லவே இல்லை. பிரதமர் பிரவுனே 12,415 பவுண்டு கட்டினார். எம்.பி.க்களிடம் லெக் கேட்டது சுமார் 13 லட்சம் பவுண்டு. மேல்முறையீடுகளைக் கேட்ட நீதிபதி சர் பால் கென்னடி அதைக் குறைத்தார். உதாரணமாக பெர்னார்டு ஜென்கின் கட்ட வேண்டிய 63,250 பவுண்டு 36,250 ஆனது. விசாரணைக்கே 11 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவானதாக அப்போது செய்தி வந்தது. வசூலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

விழுந்தவர்களில் யாராவது எழுந்தார்களா?

எழுந்தார்கள், செல்வாக்கு இருந்தவர்கள். ஹாக் 2015இல் பிரபுக்கள் சபைக்குப் போனார். தன் துணைவருக்குச் சுமார் 40,000 பவுண்டு வாடகை கொடுத்ததால் 2010இல் பதினேழே நாளில் அமைச்சர் பதவியை இழந்த டேவிட் லாஸ், 2012இல் மீண்டும் அமைச்சரானார். தன் தற்பாலின உறவை மறைக்கவே அப்படிச் செய்ததாக அவர் சொன்னார். ஜாக்கி ஸ்மித் 2024இல் சீமாட்டியாகி மறுபடியும் அமைச்சரானார். கிப்சன் நாடாளுமன்றத்துக்குத் திரும்பவே இல்லை, 2021இல் காலமானார்.

இப்போது ஏற்பாடு எப்படி?

2010 மே முதல் ஒரு சுயேச்சை ஆணையம் எம்.பி.க்களின் செலவையும் பின்னர் சம்பளத்தையும் கவனிக்கிறது. வீட்டுக்கடன் வட்டி கிடையாது, வாடகை மட்டும். ஒவ்வொரு கோரிக்கையும் இணையத்தில் வருகிறது. 2015இல் அந்த ஆணையம் சம்பளத்தை 67,060 பவுண்டிலிருந்து 74,000 ஆக்கியபோது, கட்சித் தலைவர்கள் அதை எதிர்த்துப் பேசினார்கள். உயர்வு எப்படியும் அமலுக்கு வந்தது. தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்தும் சங்கடம் அவர்களுக்கு இல்லாமல் போனதால், எதிர்த்துப் பேசுவது செலவில்லாத காரியமாகிவிட்டது.